டேங்கில் மிதந்த மனுக்கள்

ஆனைசாஞ்சான் மலையிலிருந்து கீழே இறங்க வேண்டுமென்றால் முதலில் மேலே ஏற வேண்டும். எங்கள் ஊர் மலைக்குள் ஒரு சட்டி மாதிரி கிடக்கிறது. சட்டியின் விளிம்பில் யானை சாய்ந்து நிற்பது போல ஒரு பாறை, பாறையைச் சுற்றி ஒரு வளைவு, அந்த வளைவைத் தாண்டினால்தான் அடிவாரத்துக்குப் பதினோரு கிலோமீட்டர் இறக்கம். ரோடு கிடையாது. கல், மண், மழை பெய்தால் ஓடை, மழை நின்றால் மறுபடியும் கல். அதில் ஏறி இறங்குகிற ஒரே வண்டி என் அண்ணன் வீரணனின் டீசல் ஜீப். ஏலக்காய் மூட்டை, ரேஷன் அரிசி, பிரசவத்துக்குத் துடிக்கிற பெண், மாலை போட்ட பிணம், ஓட்டு மெஷின் எல்லாம் அதில்தான் போகும், அதில்தான் வரும். ஓட்டு மெஷின் போகிற அன்றைக்கு மட்டும் முன்னால் நாலு பேர் கல் பொறுக்கிப் போட்டுக்கொண்டே நடப்பார்கள், சம்பளத்துக்கு.

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஏழு மணிக்கு, அந்த வளைவில் ஜீப் நின்றது. பட்டென்று நிற்கவில்லை. சமதரையில் ஒழுங்காக வந்த வண்டி ஏற்றத்தில் திணற ஆரம்பித்தது. அண்ணன் மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. கடைசியில் இரண்டு தரம் இருமிவிட்டு அணைந்தது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. முன் சீட்டில் அண்ணன் பெண்டாட்டி, என் மதினி பொன்னுத்தாய் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடமாக அவளுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்குள் ஜில்லா ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினில் அவள் படுத்தாக வேண்டும். ஒருமுறை தப்பினால் கால் வீங்கும், அடுத்ததும் தப்பினால் நுரையீரலில் தண்ணீர் ஏறும், ஏறினால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் எங்கள் முகத்தைப் பார்த்தே சொல்லியிருந்தார்.

அரை மணி நேரம் கழித்து அண்ணன் சாவியைத் திருப்பியதும், ஒன்றுமே நடக்காதது போல வண்டி எடுத்தது. அன்றைக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்திலிருந்து மெக்கானிக் காஜா மைதீனை அண்ணன் அழைத்து வந்தான்.

காஜா பாய் அதிகம் பேசாத ஆள். பேசினால் வண்டியைப் பற்றித்தான் பேசுவார். "ஏத்தத்துல வர்ற நோவ ஏத்தத்துலதான் பாக்கணும்" என்று சொல்லி ஜீப்பை வளைவுக்கே கொண்டு போகச் சொன்னார். ஊரே பின்னால் போனது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். காற்று ஃபில்டரைத் தட்டிப் பார்த்தார், சுத்தம். டீசல் ஃபில்டரை மாற்றினார், பழையபடியே நின்றது. டேங்க் மூடியைத் திறந்து வைத்து ஓட்டினார், நின்றது. லைனில் காற்று புகுந்திருக்கிறதா என்று ஃபில்டர் மேல் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கினார். காற்றும் வரவில்லை, டீசலும் வரவில்லை. பிறகு ஒரு கண்ணாடி பாட்டிலில் டீசல் ஊற்றி, அதைப் பானெட் மேல் கட்டி, ஒரு ரப்பர் டியூபை நேராகப் பம்புக்குக் கொடுத்தார். வண்டி அந்த வளைவில் ஏறியது பாருங்கள், குட்டியைத் தேடி ஓடுகிற ஆடு மாதிரி ஏறியது.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல வீரணா" என்றார் காஜா பாய். "வயித்துலதான் கோளாறு. டேங்க எறக்கு."

டேங்கை இறக்கி, மிதவைத் தகட்டைக் கழற்றி, உள்ளே கையை விட்டு, இரண்டு விரலால் அவர் முதலில் இழுத்தது ஒரு முழுத்தாள். மனு. மேலே 'பெறப்பட்டது' என்று சிவப்பு வட்ட முத்திரை. மை ஒரு சொட்டுக் கூடக் கலையவில்லை. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று, முப்பத்தோரு மனு.

காஜா பாய் ஆச்சரியப்படவில்லை. ஒரு லாரி டேங்கில் எலி குட்டி போட்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். "ஏத்தத்துல எஞ்சின் நெறையா டீசல் கேக்கும். கேக்குற வேகத்துல காகிதம் போயி பைப் வாயில ஒட்டிக்கிருது. எஞ்சின் அணைஞ்சா உறிஞ்சுறது நின்னுரும், காகிதம் விலகிரும், அரை மணியில திரும்ப எடுக்கும். அம்புட்டுத்தான்" என்று கையைத் துடைத்துக்கொண்டார். டீசல் ஊற்றுகிற வாயில் என் கைகூட நுழையாது. மடிக்காத முழுத்தாள் எப்படி நுழைந்தது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு வேறு வேலை இருந்தது. நாங்கள் படிக்க ஆரம்பித்துவிட்டோம்.

எல்லாம் என் கையெழுத்து. நான் தவமணி, இந்த ஊர் பால்வாடியில் ஆயா, பத்தாவது பாஸ். பத்தொன்பது வருடமாக இந்த ஊருக்கு மனு எழுதுகிறவள் நான்தான். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் வரிசை நிற்கும், நான் எழுதுவேன், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அண்ணன் ஜீப்பில் கொண்டுபோய்க் கொடுப்பான். ரோடு கேட்டு எழுதினேன், தண்ணீர் கேட்டு எழுதினேன், நர்ஸ் கேட்டு எழுதினேன், மறுபடி ரோடு கேட்டு எழுதினேன். 'மதிப்பிற்குரிய அய்யா' என்று எத்தனை தரம் எழுதியிருப்பேன் என்று நினைத்தால் எனக்கு இப்போது விரலைக் கடித்துத் துப்பலாம் போல வருகிறது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒருமுறை நாலு பேர் சங்கிலியோடு வந்து பாதையை அளந்து, வெள்ளை அடித்த கல் நட்டுவிட்டுப் போனார்கள். ஊருக்கே பாயசம் வைத்தோம். அப்புறம் ஒருத்தரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று காட்டு இலாகாவைத் திட்டினோம், காண்டிராக்டரைத் திட்டினோம், கும்பிடுகிற சாமியையும் திட்டினோம். அந்தக் கற்களில் இன்றைக்கு நாய்கள் காலைத் தூக்குகின்றன.

மனுக்களைக் காப்பிக்கொட்டை காயப்போடுகிற களத்தில் விரித்து, பறக்காமல் ஆளுக்கொரு கல் வைத்தோம். டீசல் நாற்றத்தில் கோழிகூடக் கிட்டே வரவில்லை. அவரவர் வீட்டு மனுவை அவரவர் தேடினார்கள். மாயக்கா தன் புருசனின் மனுவைக் கண்டுபிடித்தாள். கல் நட்ட பிறகும் ரோடு வரவில்லையே என்று கேட்டு அந்த மனிதன் பெருவிரல் ரேகை வைத்த மனு அது. வைத்த அடுத்த வருடம் பாம்பு கடித்து, ஜீப்பில் போகும்போதே, அதே வளைவில் அவள் மடியில் செத்தான். அவள் அந்த ரேகையின் மேல் தன் பெருவிரலை வைத்து அமுக்கிக்கொண்டு சாயங்காலம் வரை களத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களுக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. செத்துப்போனவர்களின் போட்டோ எங்கள் ஊரில் பாதி வீடுகளில் கிடையாது, ரேகையாவது கிடைக்கட்டும் என்று நினைத்தார்கள்.

முதல் இரண்டு நாள் ஊருக்கு அண்ணன் மேல்தான் சந்தேகம். "இவன் மனுவக் குடுக்காம டேங்குக்குள்ள திணிச்சிருக்கான்யா" என்று டீக்கடைக் கருத்தமாயன் எல்லார் காதிலும் ஓதினான். நான் ஒரு மனுவைக் கொண்டுபோய் அவன் பாய்லர் மேல் அறைந்தேன். "முத்திரையப் பாருய்யா. நம்பர் போட்டிருக்கு, தேதி போட்டிருக்கு. வாங்குனவன் கையெழுத்து இருக்கு. எங்கண்ணன் குடுத்துருக்கான், அவனுக வாங்கியிருக்கானுக. வாங்குனத எங்க போட்டானுகன்னு அவனுகளக் கேளு." கருத்தமாயன் அன்றைக்கு எனக்கு ஓசியில் டீ கொடுத்தான். அண்ணன் மட்டும் தலையைக் குனிந்தே இருந்தான். சந்தேகப்பட்டதில் மனசு நொந்துவிட்டான் என்று நினைத்து நான் அவனுக்கு வெல்லம் போட்டுக் கேழ்வரகுக் களி கிண்டிக் கொடுத்தேன்.

கழுவிப் பூட்டிய டேங்கில் அடுத்த வெள்ளிக்கிழமையே வண்டி நின்றது. திறந்தால் பத்தொன்பது. அதற்கடுத்த வாரம் நாற்பது. ஒரு மாதத்துக்குள் ஊர் இதற்குப் பழகிப்போனது. டேங்க் திறக்கிற வேலை தினமும் காலை பால் கறந்த பிறகு என்று ஆனது. யார் வீட்டு மனு வந்தது என்று குழாயடியில் பேச்சு ஆனது. வந்த வீட்டுக்காரர்கள் வராத வீட்டுக்காரர்களுக்குச் சர்க்கரை கொடுக்க வேண்டும் என்று ஒரு வழக்கம்கூட உண்டானது. கருத்தமாயனுக்கு ஒரு மனுவும் வரவில்லை, காட்டுப்பன்றி பற்றி அவன் ஏழு மனு கொடுத்தவன். "என் மனுவ மட்டும் நல்லா வச்சிருக்கானுக போல" என்று முதலில் பெருமை பேசினான். பிறகு அந்த ஏக்கத்தில் சோறு இறங்காமல் படுத்தான். ஏழும் ஒரே நாளில் வந்ததும் எழுந்து இட்லி தின்றான்.

இதற்கு நடுவில் என் மதினி வாரத்துக்கு இரண்டு நாள் அந்த வளைவில் அரை மணி, ஒரு மணி என்று உட்கார்ந்திருந்தாள். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாதவள், வெயிலில், ஈரத்துணியை உதட்டில் ஒற்றிக்கொண்டு.

"இந்த டேங்கயே தூக்கி எறிஞ்சிட்டு வேற டேங்க் மாட்டிருவோம்" என்று அண்ணன் சொன்னான். காஜா பாயும் பழைய இரும்புக் கடையில் ஒன்று பார்த்து வைத்திருந்தார். ஊர் என்ன சொன்னது தெரியுமா? கூடாது என்று சொன்னது. "டேங்க மாத்துனா எங்கப்பா ரேகை எப்பிடிய்யா வரும்?" என்றார்கள். "இன்னும் எங்க வீட்டு மனு வரவே இல்ல, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார்கள். மாயக்கா டேங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளைக்கூட மன்னிப்பேன், மற்றவர்களை மன்னிக்க மாட்டேன். செத்தவர்களின் ரேகைக்காக உயிரோடு இருக்கிற ஒருத்தியை வெயிலில் உட்கார வைத்தார்கள். நானும் சேர்த்துத்தான். பத்தொன்பது வருடம் எழுதியதெல்லாம் திரும்பி வருகிறதே என்று எனக்குள்ளும் ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். டேங்கை மாற்ற வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன் அண்ணன் ஒருத்தன்தான். பெண்டாட்டி மேல் எவ்வளவு பாசம் பார் என்று அவனை மெச்சினேன். ஒவ்வொரு நாளும் டேங்கைத் திறந்ததும் அவன்தான் முதலில் கையை விட்டு எல்லாக் காகிதத்தையும் புரட்டிப் பார்ப்பான், அப்புறம்தான் களத்துக்குக் கொடுப்பான். அதையும் பொறுப்பு என்றே நினைத்தேன்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை, வந்த மனுக்களை எல்லாம் மூன்று சாக்கில் கட்டி, நாங்கள் இருபத்திரண்டு பேர் பதினோரு கிலோமீட்டர் நடந்து, பஸ் பிடித்து, கலெக்டர் ஆபீஸுக்குப் போனோம். கேட்டில் போலீஸ் நின்றது. மண்ணெண்ணெய் பாட்டிலோடு யாராவது வந்துவிடுவார்கள் என்று அங்கே எல்லார் பையையும் மோந்து பார்ப்பார்கள். எங்கள் சாக்கை ஒரு போலீஸ்காரம்மா தூரத்திலேயே மோந்துவிட்டாள்.

"டீசல் நாறுது. என்னம்மா கொண்டு வந்திருக்க?"

"மனு" என்றேன்.

"மனு எதுக்கும்மா டீசல் நாறுது?"

"நீங்க வாங்கி வச்ச எடத்துல இருந்து இப்பிடித்தான் வருது. உள்ள விடுங்க, வச்ச ஆளயே கேப்போம்."

விடவில்லை. டீசல் நனைந்த எதையும் உள்ளே விடக்கூடாது என்று ஆர்டர். வேண்டுமானால் இதே விஷயத்தைப் புதுத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள், உள்ளே விடுகிறேன், முத்திரை போட்டு வாங்கிக்கொள்வார்கள் என்று அந்த அம்மா நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது, கூடவே அந்தக் கேட்டைப் பிடுங்கி எறிகிற அளவுக்கு ஆத்திரமும் வந்தது. கேட் இரும்பு, நான் பால்வாடி ஆயா. சாக்குகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஏறினோம்.

மறுநாள் செவ்வாய். ஜீப் அன்றைக்கு நாலு இடத்தில் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. மதினியின் மெஷினில் அடுத்த ஆள் படுத்திருந்தார். "வெள்ளிக்கிழமை வாங்கம்மா, அன்னிக்கு விட்றாதீங்க" என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். புதன்கிழமை மதினியின் கால் வீங்கியது. வியாழக்கிழமை அவளால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கிடந்தாள். அப்போதுதான் ஊருக்குப் புத்தி வந்தது. மாயக்கா தானே வந்து, "அந்தச் சனியன் டேங்க அத்து எறிங்கப்பா" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் காஜா பாய் வந்துவிட்டார். புது டேங்க் மாட்ட நேரமில்லை. ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றில், அகல வாய் வெள்ளைக் கேன், உள்ளே இருப்பது வெளியே தெரியும், டீசலைத் துணியில் வடிகட்டி நிரப்பினார். ரப்பர் டியூபை அதில் இறக்கி, பெடல் பக்கத்து ஓட்டை வழியாகப் பம்புக்குக் கொடுத்தார். "வண்டிக்குக் குளுக்கோஸ் ஏத்துற மாதிரிதான்" என்றார். கேனைக் கட்டிவைத்தால் குலுங்கிச் சாய்ந்துவிடும், யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். நான் பிடிக்கிறேன் என்றேன். மதினி விடவில்லை. "எனக்காகத்தான போகுது, நானே புடிக்கிறேன்" என்று மடியில் வைத்து வலது கையால் அணைத்துக்கொண்டாள். ஊசி போடுகிற இடது கையில் பாரம் தூக்கக் கூடாது. அண்ணன் ஓட்ட, பின்னால் நானும் காஜா பாயும் ஏறிக்கொண்டோம்.

சட்டியிலிருந்து விளிம்பு வரைக்கும் வண்டி திணறாமல் ஏறியது. வெள்ளைக் கற்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஆனைப் பாறை வளைவுக்கு வந்ததும் மதினி கேனைக் குனிந்து பார்த்தாள். "என்னமோ மிதக்குது" என்றாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வரை டீசல் மட்டும் இருந்த கேனில், முதலில் ஒரு மூலை, பிறகு ஒரு விளிம்பு, பிறகு முழுத்தாள், தண்ணீரில் அப்பளம் விரிகிற மாதிரி மெதுவாக விரிந்தது. விரிந்து, நேராகப் போய் டியூபின் வாயில் ஒட்டிக்கொண்டது. வண்டி திணறியது, இரண்டு தரம் இருமியது, அணைந்தது.

அது என் கையெழுத்து இல்லை. கோணல் எழுத்து. மதினி எட்டாவது படித்தவள். பிளாஸ்டிக்கில் மூக்கு ஒட்டுகிற மாதிரி குனிந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, வாய்விட்டுப் படித்தாள்.

"மதிப்பிற்குரிய அய்யா. எங்களுக்கு ரோடு வேண்டாம். இருக்கிற பாதையே போதும். ஜீப் இருக்கிறது. இப்படிக்கு ஊர்மக்கள் சார்பாக, மு. வீரணன்."

அதற்குக் கீழே பச்சை மையில் பெரிய அதிகாரியின் எழுத்து. 'ஏற்கப்பட்டது. ரோடு பணி கைவிடப்பட்டது.' மனுத் தேதிக்கும் பச்சை மைத் தேதிக்கும் நடுவில் ஒன்பது நாள். மாதத்தையும் வருடத்தையும் பார்த்தேன், கல் நட்டதற்கு அடுத்த மாதம்.

பத்தொன்பது வருடம் என் முதுகு வளைந்தது. நாலாயிரத்துச் சொச்சம் மனு. ஒன்றுக்கு ஒரு வரி பதில் கிடையாது. ஊர் கேட்காததை ஊர் பேரில் கேட்டு ஒருத்தன் நாலு வரி எழுதினான், அதற்கு ஒன்பதே நாளில் பதில். அந்தப் பச்சை மைக்காரன் என் முன்னால் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. என் முன்னால் இருந்தது என் கூடப்பிறந்தவனின் பிடரி.

"இது உங்க கையெழுத்துதான?" என்று மதினி கேட்டாள்.

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். "ரோடு வந்தா பஸ் வரும்" என்றான். "பஸ் வந்தா ஜீப்புல எவன் ஏறுவான்? எனக்கு வேற என்ன தொழில் தெரியும்? உன்னயும் பிள்ளைகளையும் வச்சுக் காப்பாத்தணும்னுதான் செஞ்சேன். உனக்கு இப்பிடி வரும்னு நான் கண்டனா?"

"எனக்கு வரலைன்னா பரவாயில்லையா?"

அவன் சாவியைத் திருப்பினான், எஞ்சின் பிடிக்கவில்லை.

"மாயக்கா புருசன் இதே எடத்துலதான போனாரு? நீங்கதான ஓட்டுனீங்க? ஜீப்பு இருந்துச்சுல்ல?"

"பொன்னு, அதக் கிழிச்சுப் போடு" என்று அண்ணன் கையை நீட்டினான். "ஒன் கால்ல விழுறேன், கிழிச்சுப் போடு."

"வீரணா, மணி எட்டு ஆச்சு" என்றார் காஜா பாய் பின்னாலிருந்து. அவர் குரலில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. "பேச்சு அப்பறம். பொன்னுத்தாய்க்கு நேரமில்ல."

மதினி கேனின் மூடியைத் திருகிக் கையை உள்ளே விட்டாள். டீசல் அவள் சேலையெல்லாம் வழிந்தது. காகிதத்தை எடுத்து, சுருட்டிப் பிழிந்து, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். காஜா பாய் இறங்கி பானெட்டைத் தூக்கி, திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கினார். நுரையாக வந்தது, பிறகு குமிழி, பிறகு சுத்தமான டீசல். திருகை இறுக்கினார்.

"எறங்குய்யா" என்றாள் மதினி.

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் அண்ணனை 'ங்க' போடாமல் பேசி நான் கேட்டதில்லை. அண்ணன் இறங்கினான். காஜா பாய் ஓட்டுகிற இடத்தில் ஏறி சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைக் கல் ஒன்றின் பக்கத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். எனக்கு அவனை அடிக்கிறதுக்குக் கை பரபரத்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் செய்யவில்லை.

அந்த ஒரு காகிதம் போனதோடு டேங்க் சுத்தமாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. புது டேங்கிலும் இன்றைக்கு வரை மனு வருகிறது, கேனிலும் வருகிறது, இப்போது மதினியோடு வலைக்கரண்டி வைத்துக்கொண்டு ஒரு ஆள் போகிறார், மிதந்ததும் எடுத்துவிடுவார். ஊர் அண்ணனை அடிக்கவில்லை, தள்ளியும் வைக்கவில்லை. அவனைத் தள்ளி வைத்தால் ஜீப்பை யார் ஓட்டுவது? அந்தக் கொடுமை அப்படியேதான் இருக்கிறது. அவன் ஓட்டுகிறான், மாயக்கா ஏறுகிறாள், அந்த வளைவு வரும்போது இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஒன்பது ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் நின்றது. காஜா பாய் மதினியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். மெஷின் காலியாக இருந்தது. நர்ஸ் அவளைச் சாய்த்துப் படுக்க வைத்து, ஆக்சிஜன் வைத்து, இடது கையில் ஊசி ஏற்றக் குனிந்தவள், மூக்கைச் சுருக்கினாள்.

"என்னம்மா இது, இப்பிடி டீசல் வாடை? என்ன வச்சிருக்கீங்க உள்ள?"

மதினி வலது கையால் ரவிக்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரரு எழுதுன லெட்டரு" என்றாள், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கி. "வாழ்க்கையில ஒரே ஒரு லெட்டருதான் எழுதுனாரு. எங்க ஊர்ல அது ஒண்ணுக்குத்தான் பதில் வந்துச்சு."

நர்ஸ் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் மெஷினைப் போடச் சொன்னேன்.